சாராள் ஓடவைத்த மோட்டார்

மேடையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் சங்கத் தலைவர் ஜெயவேலு அவர்களே, படப்பையிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, சாராளோடு ஒரே பம்ப் ஹவுஸில் ஷிப்ட் பார்த்த தோழர்களே, முடிச்சூரிலிருந்தும் கீழ்க்கட்டளையிலிருந்தும் இந்த மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் சவுரிமுத்து ஐயா அவர்களே! கைகூப்பித்தான் தொடங்க வேண்டும். என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. தலை வணங்கித் தொடங்குகிறேன்.

என் பெயர் யக்ஞநாராயணன். சேலையூர்க்காரன், மின்பொறியாளன். பொறியாளர் சாராள் சவுரிமுத்து அவர்கள் சிரியாவில் உயிர்விட்டபோது அந்த வண்டியில் அவர் பக்கத்தில் இருந்தவன். எனக்கு இடது காது இப்போது கேட்காது. கூட்டம் முடிந்து ஏதாவது கேட்க விரும்புகிறவர்கள் வலது பக்கம் வந்து கேளுங்கள்.

ஏன் போனாள் என்று கேட்கிறார்கள். படப்பையில் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பாலைவனத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். இந்தக் கோடையில், இந்த ஆண்டு ஜூன் மாதத்தில், நம் தெருக்களில் என்ன நடந்தது? கீழ்க்கட்டளையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியது யார்? குரோம்பேட்டையில் குழாயடியில் அடிதடி நடந்து ஒரு அம்மாவுக்கு மண்டை உடைந்ததே, மறந்துவிட்டதா? தண்ணீர் வராத வீடு எப்படி நாறும் என்று நமக்குத் தெரியாதா? அதே நாற்றம் எங்கே அடித்தாலும் அங்கே போய் நின்றவர் சாராள். அவ்வளவுதான் அவர் போன காரணம்.

சவுரிமுத்து ஐயா ஆயுள் முழுவதும் தண்ணீர் லாரி ஓட்டியவர். தாயில்லாத மகளை லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்தே வளர்த்தார். அந்தப் பெண் இயந்திரப் பொறியியல் படித்து, நம் புறநகர்ப் பம்ப் ஹவுஸ்களில் வேலைக்குச் சேர்ந்தார். பெருவெள்ளம் வந்த ஆண்டில் முடிச்சூர்ப் பக்கம் என்ன செய்தார் என்று இங்கே இருக்கும் பலர் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் டீசல் பம்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். வழியில் ஒரு பெரிய மனிதர் மாடியிலிருந்து கூப்பிடுகிறார்: “ஏம்மா, நான் யார்னு தெரியும் இல்ல? முதல்ல என் வீட்டு பேஸ்மென்ட்டை இறைச்சுட்டு போ.”

சாராள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “தெரியும் சார். உங்க காரு முழுகிகினு கீது, அதுவும் தெரியுது. அந்தப் பக்கம் பிரசவ ஆஸ்பத்திரியும் முழுகிகினு கீது.” சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரை நினைத்துச் சிரிப்பதில் தவறே இல்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் குடிநீர்ப் பிரிவு அவரை அழைத்தது. ஓராண்டு கழித்து, அதே பம்ப் ஹவுஸ்களில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த என்னையும் இழுத்தார். “சார், பென்ஷன் வாங்கிகினு சேலையூர் ஏரியைச் சுத்தி வாக்கிங் போறதுக்கா இவ்ளோ எலக்ட்ரிகல் கத்துக்கினீங்க?” என்றார். நானும் போனேன்.

நாங்கள் இருந்த இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நாட்டின் வடகிழக்குப் பகுதியைக் குர்துப் படைகள் கையில் வைத்திருந்தன. குர்துகள் தனி மொழி பேசும் மக்கள். நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிறவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கி. தன் எல்லை ஓரத்தில் குர்துப் படைகள் இருக்கக் கூடாது என்பது துருக்கியின் நிலை. நாங்கள் இருந்தது எல்லையை ஒட்டிய ஒரு சிறிய ஊர். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீரேற்று நிலையம். பல லட்சம் பேர் குடிப்பது அந்த நிலையத்துத் தண்ணீர்.

அக்டோபரில் ஒரு பிற்பகல். நானும் சாராளும் ரொட்டிக்கடைத் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். முதலில் விமானத்தின் சத்தம். பிறகு பீரங்கி. துருக்கிப் படை எல்லை தாண்டித் தாக்கத் தொடங்கிவிட்டது. அதனோடு சேர்ந்த சிரியப் போராளிக் குழுக்களும் வருகின்றன என்றார்கள். குர்துப் படைகள் பதுங்கு குழிகளுக்குள் இறங்கித் திருப்பிச் சுட்டன. எந்தக் குண்டு யாருடையது என்று தெருவில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு முன்னால் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் மீது ஒன்று விழுந்தது. வரிசை இல்லை! ஐயா, வரிசை இல்லை! புகை கலைந்தபோது கடையின் இரும்புக் கதவு எதிர்வீட்டுச் சுவரில் செருகி நின்றது. ஒரு கை தனியாகக் கிடந்தது. அதில் ரொட்டிப் பை அப்படியே மாட்டியிருந்தது.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். சாராள் ஓடினார். தொடையிலிருந்து ரத்தம் பீறிட்ட ஒரு மனிதரின் காலைத் தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினார். “சார், பேனா குடுங்க!” என்று கத்தினார். பேனாவை முடிச்சுக்குள் நுழைத்து முறுக்கினார். முறுக்கிய இடத்தில் ரத்தம் நின்றது. அந்த மனிதருக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய மனைவிக்குக் கட்டுப் போட எதுவும் மிச்சமில்லை. கட்டுப் போட இடமும் இல்லை.

(மேலே போகிறது, கேட்கிறதா? ஒரு நிமிடம்... மன்னியுங்கள். நம் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம். எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்துவிட்டேன்.)

அடுத்த சில நாட்களில் ஊர் காலியானது. டிராக்டரில், லாரியில், பைக்கில் மூன்று பேர் நான்கு பேராக, கழுதை வண்டியில்கூட ஜனங்கள் தெற்கே ஓடினார்கள். நாங்களும் உள்ளே தள்ளியிருந்த நகரத்துக்கு வந்துவிட்டோம். அங்கேதான் அந்தச் செய்தி வந்தது. நீரேற்று நிலையத்துக்குப் போகும் மின்கம்பி சண்டையில் அறுந்துவிட்டது. மோட்டார்கள் நின்றுவிட்டன. நகரத்துக் குழாய்களில் காற்று மட்டும் வந்தது.

நகரத்து ஆஸ்பத்திரிக்கு சாராளோடு நானும் போனேன். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் சலைன் பாட்டிலை உடைத்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். தரையில் ரத்தம் காய்ந்து, அதன் மேல் புது ரத்தம் கொட்டி, அதுவும் காய்ந்து, நடந்தால் செருப்பு ஒட்டியது. தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் உடம்பைக் கழுவத் தண்ணீர் கேட்டு அவளுடைய தாய் ஒவ்வொரு வார்டாகப் பாத்திரத்தோடு அலைந்தாள். திரும்பி வந்தபோது பாத்திரம் காலியாகவே இருந்தது. மகளும் போய்விட்டாள். அந்தத் தாய் அழவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சாராள் வெளியே வந்து வண்டியின் டயரை ஓங்கி உதைத்தார்.

மறுநாளே எங்கள் நிறுவனத்திடமிருந்து உத்தரவு வந்தது. வெளிநாட்டு ஊழியர்கள் எல்லாரும் ஈராக் எல்லைக்குப் புறப்பட வேண்டும். அதே வேளையில் இன்னொரு செய்தியும் வந்தது. எங்கள் நிறுவனத்தார் இரண்டு தரப்பிடமும் பேசி, நிலையத்தைப் பழுதுபார்க்க ஒரு பகல் பொழுதுக்கு மட்டும் சுடாமல் இருக்க ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் போகலாம், கட்டாயம் இல்லை.

அன்று மாலை படப்பையிலிருந்து போன் வந்தது. சாராள் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். சவுரிமுத்து ஐயா, உங்கள் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

“இன்னாம்மா, டீவில ஒரே குண்டா போட்டுகினு கீறானுங்க. நீ வூட்டுக்கு வந்துடு கண்ணு.”

“வரேன்ப்பா. ஒரே ஒரு வேலை கீது.”

“இன்னா வேலை, ஊரே எரியறப்போ?”

“மோட்டாரு நின்னுபோச்சுப்பா. ஆஸ்பத்திரில தண்ணி இல்ல.”

பிறகு நீங்கள் கேட்டீர்கள்: “கூட யாரு வராங்க?”

“யக்ஞநாராயணன் சாரு கீறாரு.” நான் வருகிறேன் என்று அதுவரை சொல்லவே இல்லை!

காலையில் ஈராக் எல்லைக்குப் போகும் வண்டிகள் வாசலில் நின்றன. சாராள் என் பெட்டியை ஒன்றில் ஏற்றினார். “நீங்க போங்க சார். எலக்ட்ரிகல் பேனலை நானே பார்த்துக்கறேன்,” என்றார்.

“நீ மெக்கானிக்கல். அந்தப் பேனல்ல கை வெச்சா ஷாக் அடிச்சே செத்துப்போவ. குண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்,” என்றேன்.

“அப்ப வாங்க,” என்று என் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். இப்படித்தான் நான் வீரன் ஆனேன், நண்பர்களே!

ஓட்டுநர் ஜிவான், உள்ளூர்க் குர்து இளைஞர். ஆங்கிலம் பேசுவார். வண்டியின் மேல் எங்கள் நிறுவனத்தின் கொடியை விரித்துக் கட்டினார். ஊருக்கு முன்னால் குர்துப் படையின் கடைசிக் காவல். அங்கே பெரிவான் என்ற பெண் போராளி எங்களை நிறுத்தினார். முப்பது வயதிருக்கும். முகமெல்லாம் மண். அவருடைய தம்பி அன்று விடியற்காலையில் அங்கிருந்த பதுங்கு குழியிலேயே செத்திருந்தான். உடல் போர்வையில் சுற்றி ஓரமாகக் கிடந்தது. எங்கள் அனுமதித் தாளைப் படித்துவிட்டு, “காகிதம் குண்டைத் தடுக்காது,” என்றார். பிறகு அவரே துப்பாக்கியோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். எங்கள் வண்டியில் ஆயுதம் ஏறக் கூடாது என்பது விதி. சாராள் அதைச் சொன்னார். நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்; பெரிவான் இறங்கி, எங்களுக்குப் பின்னால் நடந்தே வந்தார்.

நிலையத்தின் வாசலில் இரண்டு பேர் கிடந்தார்கள். மோட்டார் ஓட்டும் பணியாளர்கள். எல்லாரும் ஓடியபோது ஓடாமல் இருந்தவர்கள். எங்களோடு எத்தனையோ முறை டீ குடித்தவர்கள். ஒருவர் நெற்றியிலும் ஒருவர் முதுகிலும் சுடப்பட்டிருந்தார்கள். நாய்கள் வந்து போயிருந்தன. அதற்கு மேல் இந்தச் சபையில் நான் சொல்ல மாட்டேன். சாராள் தார்ப்பாயை எடுத்து மூடினார். மூடிவிட்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “பேனல் ரூமைத் தெறங்க சார்,” என்றார்.

அறையைத் திறந்தேன். சுவரெல்லாம் குண்டுத் துளை. பேனலில் பாதி கருகியிருந்தது. அதன் அடியில் ஒரு மனிதன் கிடந்தான். எல்லை தாண்டி வந்த படையோடு சேர்ந்த குழுவைச் சேர்ந்தவன். கைப்பட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது. வயிற்றில் குண்டு பட்டு, இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எனக்குப் பின்னால் துப்பாக்கி ‘கிளிக்’ என்றது. பெரிவான்! “விலகுங்கள்,” என்றார். ஜிவான் மொழிபெயர்த்தார்: “வாசலில் கிடக்கிறவர்களை இவன்தான் கொன்றிருப்பான். என் தம்பியையும் இவன் கூட்டம்தான் கொன்றது.”

நான் விலகினேன். யார்தான் விலக மாட்டார்கள்? சாராள் நடுவில் போய் நின்றார். துப்பாக்கிக் குழாய் அவருடைய மார்புக்கு நேராக இருந்தது. முதலில் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். கோபத்தில் ஆங்கிலம் ஓடிவிட்டது. படப்பைத் தமிழ் வந்தது.

“இன்னா, கைல துப்பாக்கி இருந்தா சுட்டுடுவியா? சுடு! அவனைச் சுட்டா உன் தம்பி எழுந்து வந்துடுவானா? இது தண்ணி ஓடற எடம். இங்க ரத்தம் விடக் கூடாது. கீழ போடு! கீழ போடுன்றேன் இல்ல!”

ஜிவானால் மொழிபெயர்க்க முடியவில்லை. தேவைப்படவும் இல்லை. இரண்டு பெண்கள், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும் தூரத்தில் நின்றார்கள். பெரிவானின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். சாராள் அவர் தலையில் ஒரு முறை கை வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, “நீங்க கேபிளைப் பாருங்க சார்,” என்றார். அடிபட்டவனின் வயிற்றில் துணியை அடைத்துக் கட்டிவிட்டு ஜெனரேட்டர் பக்கம் போனார்.

அறுந்த கம்பியை இணைக்க ஒரு பகல் போதாது. அதனால் ஜெனரேட்டரை உயிர்ப்பித்து அதிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான் கருகிய பகுதியை ஒதுக்கிவிட்டு நேராகக் கேபிள் இழுத்தேன். சாராள் ஓட்டை விழுந்த டீசல் குழாயை மாற்றினார். தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பகலுக்குச் சுட மாட்டோம் என்றவர்கள் எந்தப் பகலைச் சொன்னார்களோ!

மதியம் தாண்டி ஜெனரேட்டர் இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. நான் மோட்டாருக்கு மின்சாரம் விட்டேன். தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு குண்டின் அதிர்வு இல்லை என்று காலுக்குத் தெரிய ஒரு கணம் பிடித்தது. முற்றத்துக் குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தண்ணீர்! பெரிவான் போய் முகத்தைக் கழுவினார். மண் போன பிறகுதான் தெரிந்தது, அவர் எவ்வளவு அழகான பெண் என்று. கையில் தண்ணீரை ஏந்திச் சாராளைப் பார்த்து என்னவோ சொன்னார்.

அந்த வார்த்தை என்ன என்று இனி யாருக்கும் தெரியாது. குண்டு வாசல் சுவரில் விழுந்தது. நான் பேனல் அறைக் கதவோடு சேர்ந்து பின்னால் பறந்தேன். எழுந்தபோது இடது பக்க உலகம் ஊமையாகியிருந்தது. பெரிவான் குழாய்க்குப் பக்கத்தில் இல்லை. முற்றம் முழுவதும் இருந்தார். தண்ணீர் அவர் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டி! வண்டி!” என்று ஜிவான் கத்தினார். சாராள் நேராகப் பேனல் அறைக்குள் ஓடினார். எதற்கு? அந்த மனிதனை எடுத்துவர! தோளைப் பிடித்து அவர் இழுக்க, காலைப் பிடித்து ஜிவான் தூக்க, பின்சீட்டில் கிடத்தினார்கள். சாராள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். வண்டி புறப்பட்டது. இரண்டாவது குண்டு பின்னால் சாலையில் வெடித்தது. பின்கண்ணாடி முழுவதும் உள்ளே வந்தது. என் கை எலும்பு முறிந்தது.

சாராள் கழுத்தின் பின்புறம் கை வைத்துப் பார்த்தார். “கழுத்துல இன்னாமோ சுடுது சார்,” என்றார். கையை எடுத்தபோது விரலெல்லாம் சிவப்பு. நான் என் இடது கையால் அழுத்திப் பிடித்தேன். ரத்தம் என் விரல்களுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தது. “சாராள், பேசு! பேசிக்கொண்டே இரு!” என்று கத்தினேன். அவர் என் மேல் சாய்ந்தார். மடியில் கிடந்தவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அவன் உயிரோடு இருந்தான். அவர் இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது! அந்தத் தண்ணீரில்தான் என் காயத்தைக் கழுவினார்கள். அந்தத் தண்ணீரில்தான் குர்துப் பெண்கள் சேர்ந்து, கண்ணாடித் தூளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சாராளைக் குளிப்பாட்டினார்கள். பெற்ற மகளுக்குச் செய்வதைப் போலச் செய்தார்கள், ஐயா. தலை வாரிப் பின்னிவிட்டார்கள்.

அவர் காப்பாற்றிய அந்த மனிதன் பிழைத்துக்கொண்டான், கைதியாக இருக்கிறான். அவனைக் காப்பாற்றியது நியாயமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். வாசலில் கிடந்த என் நண்பர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பதில் வரவில்லை. சாராளுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அதனால்தான் அவர் சாராள், நான் யக்ஞநாராயணன்.

சவுரிமுத்து ஐயா! மீனம்பாக்கம் சரக்குப் பகுதியில் சவப்பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது நீங்கள் என் சட்டையைப் பிடித்தீர்கள். அடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். “சார், அந்த மோட்டாரு ஓடுதா?” என்று கேட்டீர்கள். ஓடுகிறது என்றேன். அன்றைக்கு அது உண்மை.

நேற்றுக் காலையில் ஜிவானிடமிருந்து செய்தி வந்தது. சண்டை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜெனரேட்டரில் குண்டு பட்டுவிட்டது. இந்த நேரத்தில் அங்கே மோட்டார் ஓடவில்லை, ஐயா. உங்களிடம் மறைத்துவிட்டு உங்கள் மகளைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் பலர் பேசினார்கள். சாராள் பெயரில் விருது வைக்கலாம் என்றார்கள், சாலைக்குப் பெயர் வைக்கலாம் என்றார்கள். வையுங்கள். எனக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். கைக்கட்டை அவிழ்த்ததும் நான் போகிறேன். அதோ பின்வரிசையில் நிற்கிறாரே விஷ்ணுப்ரியா, சாராளிடம் வேலை கற்ற பொறியாளர், அவரும் வருகிறார். இரண்டு தரப்பும் மறுபடி ஒரு பகலைக் கொடுத்தால் அந்தப் பகலில் அங்கே நாங்கள் இருப்போம். என் மனைவி நாகலக்ஷ்மி நேற்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்று காலையில் பார்த்தால் அங்கே குளிருக்குப் போடும் என் ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். இந்த மழையில் எப்படிக் காயும் என்று நானும் கேட்கவில்லை.

ஐயா, அங்கே மோட்டார் ஓடத் தொடங்கியதும் முதல் போன் படப்பைக்குத்தான் வரும். எடுங்கள். நான் எதுவும் பேச மாட்டேன். போனை மோட்டார் பக்கம் பிடித்துக்கொள்கிறேன். நீங்களே கேளுங்கள்.